சிவபாலன் கொடுக்காத எண்பதாயிரம்

பிள்ளையார்பாளையத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய சிவபாலனைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கடன் கேட்கத்தான் என்று நினைத்து அவன் நடையை எட்டிப் போட்டான். வீட்டில் அவன் மனைவி சங்கரி தறியை விட்டு எழுந்து வந்து கண் கலங்க நின்றாள்.

"கோயிலுக்கு எண்பதாயிரம் கொடுத்துட்டு, என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே!"

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதைச் சாக்காக வைத்துச் சிவபாலன் தனக்கென்று போனே வாங்கவில்லை, அவ்வளவு சிக்கனம். ஆதார் முதல் வருமான வரி வரை எல்லாவற்றுக்கும் சங்கரியின் நம்பர்தான். வரித் துறையின் செய்தியும் அவளுக்கே வந்திருந்தது. ஒரு திருப்பணி அறக்கட்டளைக்கு எண்பதாயிரம் நன்கொடை என்று காட்டியிருக்கிறீர்கள், சரிதானா பாருங்கள், தவறென்றால் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் திருத்துங்கள் என்று இருந்தது. சங்கரி 'எண்பதாயிரம்' வரைக்கும் படித்தாள். அதற்கு மேல் படிக்கக் கண்ணீர் விட்டால்தானே? கற்பூரம் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷனை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மனசு உறுத்தியது. அதைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்துக்கொண்டாள்.

உண்மையில் அவன் கோயிலுக்குக் கொடுத்ததெல்லாம் உண்டியலில் போட்ட சில்லறைதான். கம்பெனி பஸ்ஸில் லோகேஸ்வரன் என்று ஒருவன், எல்லாருக்கும் வரிக் கணக்குப் போட்டுத் தருவான். "நன்கொடைன்னு போட்டா எட்டாயிரம் ரீஃபண்டு வரும்பா. யாரு வந்து கேக்கப் போறான்?" என்றான். வந்தது. கால் பங்கை அவன் எடுத்துக்கொண்டான். மீதியில் சிவபாலன் வண்டிக்கு டயர் மாற்றினான். இப்போது கேட்டுவிட்டார்கள். லோகேஸ்வரன் வேறு பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டான்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் சங்கரி அவனை அப்படிப் பெருமையாகப் பார்த்ததே இல்லை. அந்தப் பார்வையை இழக்க அவனுக்கு மனசு வரவில்லை. "ரசீதைக் கொடுங்க, ஃப்ரேம் போட்டு மாட்டணும்" என்றாள். போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டி மணிவண்ணன் அவனைப் பாராட்ட வீட்டுக்கே வருகிறாராம்.

சனிக்கிழமை காலையில், செவிலிமேட்டில் வரிக் கணக்கு எழுதித் தரும் ஏஞ்சலிடம் ஓடினான்.

"நன்கொடையை எடுத்துட்டுத் திருத்தின கணக்கு போட்டுடலாம்ணா. வந்த ரீஃபண்டை வட்டியோட கட்டிடுங்க. இதுக்குப் போயி ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்று ஏஞ்சல் மளமளவென்று தட்டினாள். அவன் ரொக்கமாகக் கொடுக்க, அவளே பணத்தையும் கட்டினாள். சிவபாலனுக்கு உயிர் வந்தது. சங்கரிக்குத் தெரியாமலே முடிந்துவிடும் போலிருந்தது.

"முடிஞ்சுதுண்ணா. ஆதார்ல இருக்கற நம்பருக்கு ஓடிபி போயிருக்குது, சொல்லுங்க."

அந்த நம்பர் இருந்த போன் சங்கரியின் கையில் இருந்தது.

வேறு வழியில்லாமல் ஏஞ்சலின் போனை வாங்கிக் கூப்பிட்டான். "ஆறு நம்பர் வந்திருக்கும், படிம்மா."

"எதுக்கு?"

ஏதாவது புளுகலாம் என்று வாயைத் திறந்தான். புளுகு வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். செவிலிமேட்டில் ஏஞ்சலிடம் இருப்பதையும் சொன்னான்.

"அங்கியே இருங்க. வர்றேன்."

அரை மணியில் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் கடுகடுவென்று இருந்தது. ஏஞ்சல் நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

"தெரு பூரா சொல்லிட்டேனே, இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நடக்கறது?"

"அதை நானே சொல்றேன்மா" என்று சிவபாலன் அவள் போனை வாங்கி மணிவண்ணனைக் கூப்பிட்டான், ஸ்பீக்கரிலும் போட்டான். "அண்ணே, நான் எண்பதாயிரம் கொடுக்கவே இல்ல. வரிக்காகப் பொய்யா எழுதினது. இப்பதான் திருத்திக்கினு இருக்கேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க." காதெல்லாம் எரிந்தது.

மணிவண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "போனா போவுதுபா. ஐநூறு கொடு, நிஜ ரசீதே தர்றேன்."

சங்கரி சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், போச்சு என்று சிவபாலன் தலையைக் குனிந்தான்.

"எண்பதாயிரம் கொடுத்தாருன்னு ஊரெல்லாம் சொன்னேனே, உள்ளுக்குள்ள எனக்கே பாதிதான் நம்பிக்கை" என்றாள். "இப்ப போன்ல சொன்னீங்களே, இதை முழுசா நம்பறேன்."

பழைய ஓடிபி எப்போதோ காலாவதியாகியிருந்தது. ஏஞ்சல் புதிதாக ஒன்று அனுப்ப, சங்கரி வாசல் வரை கேட்கும்படி ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.