பின்னால் மடக்கிய கை

இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஹோட்டல் ஒன்றின் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளி, நீல மெத்தைகளை விரித்திருந்தார்கள். பராமரிப்பு இல்லங்களின் மேலாளர்களுக்கும் துணை மேலாளர்களுக்கும் வருடாந்தரப் பயிற்சி. காலையில் தலைமைப் பண்பு. மதியம், முரண்டு பிடிப்பவர்களைக் காயமில்லாமல் பிடிப்பது.

"ஒருத்தர் இல்லவாசி. இன்னொருத்தர் பிடிக்கணும்," என்றார் பயிற்சியாளர் லென்னி. சிறைக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். "வலிச்சா 'ரெட்'னு சொல்லுங்க. சொன்ன நிமிஷமே கையை விட்டுடணும். இல்லவாசியா நடிக்கறப்ப மட்டும் மேலாளருங்களுக்கு எங்கேருந்துதான் அவ்வளவு ரோஷம் வருதோ, போன தடவை ஒருத்தர் என் காதைக் கடிச்சிட்டார்."

சிரித்தார்கள். க்ளெண்டாவும் சிரித்தாள். அவளுக்கு ஜோடி, அவளுடைய இல்லத்தின் துணை மேலாளர் மால்கம்.

அவர்கள் இல்லத்தில் வசிக்கும் டெஸ்மண்டுக்குப் போன வாரம் வலது கை உடைந்தது. படியில் விழுந்தார் என்றான் மால்கம். டெஸ்மண்டுக்குப் பேச்சு வராது. மறுக்க வேறு யாரும் இல்லை. க்ளெண்டா நம்பினாள். இன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து அவரை விடுகிறார்கள். மால்கம்தான் காரில் போய் அழைத்துவர வேண்டும்.

"வாங்க மேனேஜரம்மா," என்றான் மால்கம். "வருஷம் பூரா நீங்க என்னைத் திட்டறீங்க. இன்னிக்கு என் முறை."

"பேச்சைக் குறை. பிடி."

அவள் கத்தினாள், திமிறினாள். நடிப்பு சூடேறி ஓங்கி உதைத்தபோது, அது அவன் முழங்கால் எலும்பில் நிஜமாகவே விழுந்தது.

பிறகு நடந்தது லென்னி சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் வலது கை முதுகுக்குப் பின்னால் மடங்கி மேலே ஏறியது. முகம் மெத்தையில் மோதியது. உதடு பல்லில் கிழிந்து வாய் ரத்தத்தில் நிறைந்தது. முதுகெலும்பின் மேல் ஒரு முழங்கால் உட்கார்ந்தது. அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழகிய கை.

"ரெட்," என்றாள். வார்த்தை மெத்தைக்குள் அமுங்கியது. "ரெட்."

"அடங்கு கண்ணு. அடங்கினா சீக்கிரம் முடிஞ்சிடும்," என்றான் மால்கம் அவள் காதருகே. அந்தக் குரலில் கோபமே இல்லை.

தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அப்போது அவள் உடம்பு தானாக ஒன்றைக் கண்டுபிடித்தது. எதிர்க்காமல், கையைத் தானே இன்னும் மேலே தள்ளிக்கொடுத்தால் வலி குறைந்தது.

டெஸ்மண்ட் அதைத்தான் செய்வார். மால்கம் அறைக்குள் வந்தால் போதும், எழுந்து நின்று வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். பட்டாளத்து அதிகாரி மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் அவரைக் 'கர்னல்' என்றார்கள். அந்தப் பெயரை வைத்தவளே க்ளெண்டாதான். மரியாதை பழகிவிட்டார் என்று அவருடைய அக்காவிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள்.

லென்னி ஓடிவந்து மால்கமை இழுத்து விலக்கினார். "காது கேக்கலையாய்யா உனக்கு?"

"உதைச்சாங்க, பாத்தீங்கல்ல," என்று மால்கம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். "மன்னிச்சிடுங்க க்ளெண்டா. ஆனா நல்லா நடிச்சீங்க."

"முகத்தைக் கழுவிட்டு வாங்க. டீ குடிக்கலாம்," என்றார் லென்னி.

"என் முறை பாக்கி இருக்கு," என்றாள் க்ளெண்டா.

மால்கம் தோளைக் குலுக்கிவிட்டு மெத்தையில் குப்புறப் படுத்தான். "பாத்துப் பிடிங்க. எனக்கு ஏற்கெனவே மூட்டு வலி."

அவன் செய்ததையே செய்தாள். கை பின்னால், முழங்கால் முதுகில்.

"ரெட்," என்றான் மால்கம்.

"நிறுத்தச் சொல்ல டெஸ்மண்டுக்கு என்ன வார்த்தை குடுத்திருந்தே?"

"என்ன உளர்றீங்க? ரெட்."

கையை உயர்த்தினாள். லென்னி கூடத்தின் மறுகோடியில் கெட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"விடு. அவன் கடிச்சான். என்னைக் கடிச்சான், அதான் கொஞ்சம்..."

"எவ்வளவு கொஞ்சம்?"

மால்கமின் கை தானாக, கொஞ்சம் மேலே ஏறிக் கொடுத்தது. அவள் அதைப் பார்த்தாள். அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மால்கம் அலறியதுதான் பெரிது. பிஸ்கட் எடுக்கப் போன கைகள் தட்டின் மேலேயே நின்றன. லென்னி அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். அவள் எதிர்க்கவில்லை. எழுந்து சுவரோரம் போய், போலீசைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேருக்குக் கை உடைஞ்சிருக்கு. ஒண்ணு போன வாரம், ஒண்ணு இப்ப. ரெண்டையும் உடைச்சது யாருன்னு எனக்குத் தெரியும். இங்கேயே இருக்கேன்."

பிறகு ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். உதட்டிலிருந்து ரத்தம் போனில் சொட்டியது.

"டெஸ்மண்டைக் கூட்டிட்டுப் போக சாயங்காலம் எங்க இல்லத்துலேருந்து யாராவது வருவாங்க. அனுப்பாதீங்க. அவரோட அக்காவைக் கூப்பிடுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நானே வந்தாலும் அனுப்பாதீங்க."