நுனியில் அளந்த கோணம்

வல்வெட்டித்துறைக்குக் கிழக்கேயுள்ள சிறிய இறங்குதுறையில் ஐஸ் லொறி ஏறும்போதெல்லாம், உடுப்பிட்டியில் தன் வீட்டில் இருக்கும் லவீனா மூன்று தசம் ஒன்று பாகை முன்பக்கமாக வளைவாள். தொடக்கத்தில், லொறி இறங்கியதும் நிமிர்ந்துவிடுவாள். இறங்குதுறையின் கொங்கிறீற் தட்டு வளைவதில்லை. அதில் வைத்த நீர்மட்டத்தின் குமிழி இன்றுவரை நடுவை விட்டு அசையவில்லை.

அந்தத் தட்டை முதலில் கணினியில் கட்டிச் சுமை ஏற்றிப் பார்த்தவள் அவள்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் அதுவே அவளுடைய வேலை. தட்டு தூணில் தொடங்கிக் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். தூணோரம் ஒரு புள்ளி, நுனியில் ஒரு புள்ளி. சுமை ஏறியதும் இரண்டையும் இணைக்கும் கோடு எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் வளைவுக் கோணம். ஒரு பாகையைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவளுக்கு மூன்று தசம் ஒன்று வந்தது. ஏழு முறை ஓட்டிப் பார்த்தாள். அதையே அறிக்கையில் எழுதி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டு, நிர்மலனிடம் கொடுத்தாள்.

நிர்மலன் அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவன். ஞாயிறுகளில் மெதடிஸ்த ஆலயத்தில் அவளுக்குப் பின்வரிசையில் நின்று பாடுபவன். அந்த வருடச் சித்திரையில் இருவரும் மோதிரம் மாற்றியிருந்தார்கள். தட்டைத் திரும்ப வரைந்தால் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும் என்று அவன் நினைத்தான். கணக்கில் எதையும் அழிக்கவில்லை. நுனியில் இருந்த புள்ளியைத் தூணிலிருந்து ஒரு முழத் தூரத்துக்குக் கொண்டுவந்து அளந்தான். அங்கே அரைப் பாகைதான். அந்தப் பக்கத்தை மாத்திரம் மாற்றிவிட்டு, அவளுடைய கையெழுத்து இருந்த பக்கத்தை அப்படியே விட்டான்.

தட்டு கட்டி முடிந்து முதல் லொறி ஏறிய நாளில் லவீனா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நெற்றி குழாயில் இடித்தது. பிறகும் அப்படி நடக்க, ஒரு மாதம் நேரங்களைக் கொப்பியில் குறித்தாள். அதைக் கொண்டுபோய் மீனவர் சங்கச் செயலாளர் அருளம்பலத்தின் லொறிப் பதிவோடு வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிடமும் பிசகவில்லை. அருளம்பலம் இரண்டையும் வாசித்துவிட்டு, "அப்ப தட்டு வளையவேண்டியதைப் பிள்ளை வளையிறீர்" என்றார். சங்கத்திலிருந்த அறிக்கையையும் எடுத்துக் காட்டினார். பெயர் அவளுடையது. எண் அவளுடையதல்ல. அதற்குள் நிர்மலன் கொழும்பு அலுவலகத்துக்குப் பதவி உயர்ந்து போயிருந்தான். அவள் போன் எடுத்தபோதெல்லாம் பிறகு கதைக்கிறேன் என்றான். அவள் அவனுக்குப் போட்ட மோதிரம் பஸ்ஸில் பொதியாகத் திரும்பி வந்தது.

சங்கத்தார் நல்லவர்கள். மூன்று மாதம் லொறியைக் கரையில் நிறுத்தி, ஐஸைத் தோளில் சுமந்தார்கள். பிறகு தோள் நொந்தது. லொறியை ஏற்றுவதற்கு முன் அவளுக்குப் போன் எடுத்துச் சொல்வது என்று கூட்டத்தில் முடிவாகியது.

இரண்டாம் வருடத்திலிருந்து அவள் முழுதாக நிமிரவில்லை. ஒவ்வொரு லொறியும் கொஞ்சம் வளைவை விட்டுவிட்டுப் போனது. நாலு பாகை, ஆறு, ஒன்பது. "என்னத்தையடி நிலத்தில தேடுறாய்?" என்று ஆலய வாசலில், அவளோடு பாடும் தனுஷா கேட்க எல்லோரும் சிரித்தார்கள். லவீனாவும் சிரித்தாள். நுனிக்குக் கீழே இன்னொரு தூண் போட்டால் அவள் நிமிரலாம். ஆனால் வளையாத தட்டுக்கு யாரும் தூண் போடமாட்டார்கள். புள்ளியை நகர்த்தியவன் நான்தான் என்று நிர்மலன் ஒரு வரி எழுதிக்கொடுக்க வேண்டும்.

மூன்றாம் வருட நத்தார்ப் பண்டிகைக்கு அவன் வந்தான். லவீனாவின் தாய் சீலா கேக்கும் தேநீரும் கொடுத்தாள். அவன் அந்த ஒரு வரியை எழுதவேண்டிய கடிதம் மேசையில் இருந்தது, பேனா அதன் மேல். அந்த நேரம் போன் வந்தது. லவீனா எழுந்து நின்று, அவன் முன்னால் வளைந்தாள். கொப்பியோடு கிடந்த பாகைமானியை அவன் எடுத்தான். குனிந்து, அவளுடைய கணுக்காலில் வைத்தான்.

"பாரும். அரைப் பாகைதான்."

"நுனியில பிடியுங்கோ" என்றாள் லவீனா.

நுனியில் அவளுடைய முகம் இருந்தது. அவன் அங்கே பார்க்கவில்லை. இரண்டாவது கேக் துண்டையும் சாப்பிட்டு, சீலாவிடம் சொல்லிக்கொண்டு போனான். பேனா வைத்த இடத்திலேயே இருந்தது.

இப்போது லொறி கிழமையில் ஐந்து நாள் வருகிறது. மீன் விலை பரவாயில்லை.

"பிள்ளை, ஏத்தட்டோ?" என்று அருளம்பலம் கேட்பார்.

"ஓம் அண்ணை, ஏத்துங்கோ" என்பாள்.

சீலா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, மகளுடைய குதியிலிருந்து நெற்றிக்கு நூல் பிடித்து அளந்து சொல்வாள். இன்று பதினொன்று தசம் நாலு. லவீனா அதை எழுதி, பக்கத்தில் அளந்த இடம் நுனி என்று குறித்து, கீழே கையெழுத்திட்டாள்.