படைத்த பொதி

உடையார்கட்டில் மிளகாய்த்தூள் இடித்து விற்கும் இரஞ்சிதத்தின் சரக்கை, உணவு உரிமம் கிடைத்தால்தான் வவுனியாக் கடைகள் ஏற்கும். எனவே அவள் முதற்பொதியைப் பிள்ளையாருக்குப் படைத்து, உள்ளே ஒரு சிட்டிகை திருநீறு தூவி ஒட்டி, அதையே பரிசோதனைக்குக் கொடுத்தாள். சாம்பல் கலந்திருப்பதாகச் சொல்லி அதிகாரிகள் உரிமத்தை மறுத்துவிட்டார்கள்.

"பேஸ்புக்கிலை படம் போட்டு ஓடர் எடுத்துத் தந்தனான். நீங்கள் சாமியையுமோ அக்கா பக்கற்றிலை அடைச்சனீங்கள்?" என்று சீறினாள், தொழிற்பயிற்சி கொடுக்க வந்த யதுர்ஷிகா.

"நல்லது நடக்கட்டும் எண்டுதான், பிள்ளை."

"இனிப் படைக்காமல் குடுங்கோ."

அடுத்த பொதி படையலின்றிப் போயிற்று, உரிமம் வந்தது. பிள்ளையாரை வேண்டி நின்றபோது மறுக்கப்பட்டது, வேண்டாதபோது கிடைத்தது. அந்தக் கசப்பை எந்தச் சந்நிதியில் முறையிடுவதென்று இரஞ்சிதத்துக்குத் தெரியவில்லை.