இரைச்சலுக்குள் ஒரு பெயர்

மழை மறுத்த ஆண்டு அது. தொண்ணூற்றாறாம் ஆண்டின் கோடை வெள்ளவத்தைக் கடல்மீது ஈயத்தகடென அசையாது கிடந்தது. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்ற, கொழும்பு மாலைதோறும் இருளுக்குப் பணிந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி வன்னியில் சிதறியோரின் பெயர்களைத் தகப்பன் பெயரோடு வானொலி வாசித்ததும் மின்சாரமற்ற அவ்வேளையில்தான்.

பத்மாவதியின் தம்பி நாகேந்திரத்தின் பெயர் இன்னும் வரவில்லை. அடிக்கடி பற்றறி வாங்கும் தமிழனைக் குண்டுக்கோ என்று கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்த காலம். எனவே அவள் கணவர், தனியார் வகுப்பான ரியூட்டரியில் பௌதிகம் படிப்பிக்கும் நவரத்தினம், மோட்டார் சைக்கிளின் ஆறு வோல்ட் பற்றறியை வானொலிக்கு வேண்டிய ஒன்பதாக உயர்த்தும் சுற்றொன்றை அமைத்தார். மின்னழுத்தம் உயர்ந்தது, வாசிப்பவர் குரலோ வண்டு முரல்வது போன்ற இரைச்சலில் மூழ்கியது. சுற்றிலிருந்த கம்பிச்சுருள் விட்டுவிட்டுத் தள்ளிய மின்னோட்டத்தில் அலைவு அடங்கவில்லை. வெளியீட்டில் இன்னொரு சிறு சுருளும் அலைவைத் தணிக்கும் இரண்டு பருத்த கெப்பாசிட்டர்களும் சேர்த்து, கம்பிகளையும் குறுக்கினார். இரைச்சல் ஓய்ந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் ஸ்ரீஸ்கந்தராசா எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், குண்டோ செய்யிறியள்?"

"றேடியோவுக்கு, அண்ணை."

"எனக்குத் தெரியும். ஆமிக்காரனுக்குத் தெரியுமே? சாமிப் படத்துக்குப் பின்னாலை வையுங்கோ. அங்கை கை வைக்கமாட்டாங்கள்."

வைத்தார். மறுநாள் வந்த பொலிசார் வேறெங்கும் தேடாமல் நேரே சாமித்தட்டுக்குப் போயினர். வானொலிக்கென்றால் கடவுளுக்குப் பின்னால் ஏன் ஒளித்தாய் என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். நவரத்தினம் வானொலியைப் பாடவிட்டுக் காட்டினார். அவரை விட்டுவிட்டு, பருத்த கெப்பாசிட்டர் இரண்டையும் பிய்த்தெடுத்துப் போனார்கள். வாசலில் ஸ்ரீஸ்கந்தராசா தேத்தண்ணி நீட்டி, 'ஐயா, நான் சொன்ன இடம் சரிதானே' என்று சிங்களத்தில் குழைந்தார்.

பிறகு உள்ளே வந்தார். "என்ன செய்ய, மாஸ்டர்? அவங்களாக் கண்டுபிடிச்சா என்னையுமெல்லோ ஜீப்பிலை ஏத்துவாங்கள். உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

துவக்கோடு வந்தவர்கள்மேல் நவரத்தினத்துக்கு அச்சமே இருந்தது. விடியலில் பதிகம் ஓதும் இந்த வாய்மீதோ, சோற்றில் புழுக் கண்டாற்போன்ற அருவருப்பு. ஸ்ரீஸ்கந்தராசா அமர்ந்தெழுந்த கதிரையைக்கூடத் தொட மனமின்றிக் காலால் தள்ளினார்.

மாலையில், கெப்பாசிட்டர் இழந்த வானொலிக்குள் வண்டு திரும்பியது. பத்மாவதி ஒலிபெருக்கியோடு காதை ஒட்டிக் கிடந்தாள். திடீரென நிமிர்ந்தாள்.

"நாகேந்திரம் எண்டு வாசிச்சவங்கள்!"

"தகப்பன் பேர்?" என்றார் நவரத்தினம்.

"இரைச்சலப்பா... இரைச்சல்."

அடுத்த பெயர் தொடங்கிவிட்டது.

அவள் எழுந்து, பொலிசார் கவிழ்த்த சாமிப் படத்தை முந்தானையால் துடைத்து நிமிர்த்தினாள். திரியைத் தூண்டி விளக்கேற்றினாள். சுடர் நடுங்கி நின்றது.

"எந்தத் தாயின்ரை நாகேந்திரமெண்டாலும்," என்றாள் கைகூப்பி, "நல்லா இருக்கட்டும்."