ரிங்லெட்டுக்குப் போகும் பாதை

மலைப்பாதையில் மண் சரிந்து பத்து நாளாகத் தாப்பா ஊருக்கு மேலே பஸ் ஓடவில்லை. திங்கட்கிழமை மகளின் ஐசிக்கு, அடையாள அட்டைக்கு, மனுக் கொடுக்கும்போது அப்பனின் பிறப்புப் பத்திரமும் கையில் இருக்க வேண்டும். பத்திரம் மங்களத்தின் புருஷன் அப்பாவுவிடம் இருந்தது. அப்பாவு ஐந்து வருஷமாக மலைமேல் ரிங்லெட்டில் இன்னொருத்தியோடு இருந்தான். எனவே சனிக்கிழமை விடிந்ததும் மங்களம் கம்பாரிலிருந்து சைக்கிளை மிதித்தாள். கூடவே கொழுந்தன் சின்னையாவும் தன் சைக்கிளில் வந்தான்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்தில் வாங்கிய ஆம்பளை சைக்கிள் அது. முதலாளிகள் தோட்டத்தை விற்ற பிறகு அவள் ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். அங்கே நாள் முழுக்க ஒரே நெம்புகோலை இழுத்து இழுத்து விடுகிற வேலை. மலை ஏறும்போதும் அப்படித்தான் இருந்தது. வலது கால், இடது கால். மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினாள். ஒரு பக்கம் மூங்கில் காடு, மறு பக்கம் பள்ளம். எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை. பத்திரத்தைத் தவிர அவனிடம் என்ன கேட்பது என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. மண் சரிந்த இடத்தில் முழங்கால் சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தாள்.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்லா அண்ணி," என்றான் சின்னையா.

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

ரிங்லெட்டை அடைந்தபோது மணி மூன்று. கோஸ் தோட்டத்துக்குக் கீழே தகரக் கொட்டகை. "நான் போய் வாங்கியாரேன், நீங்க இங்கயே நில்லுங்க," என்றான் சின்னையா. அவள் காதில் வாங்காமல் நடந்தாள்.

வாசலுக்கு வந்தவள் பாப்பா, அப்பாவுவோடு இருப்பவள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அதற்கும் அப்பாவுவின் அகன்ற நெற்றிதான். மேலே கோஸ் வரிசையில் முதுகில் பூச்சிமருந்துத் தொட்டியோடு குனிந்திருந்த ஆள் நிமிரவே இல்லை.

"அவரக் கூப்புடவா அக்கா?"

"வேணாம். அவரோட சூராட் பெரானாக் மட்டும் போதும்."

பாப்பா உள்ளே போய் பிளாஸ்டிக் பையில் மடித்துவைத்த பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவந்தாள். நீட்டியவள் விடவில்லை. இருவர் கையிலும் அது கொஞ்ச நேரம் இருந்தது.

"திருப்பிக் குடுத்துருவீங்கல்ல அக்கா? இவளுக்கு இன்னும் பேரே பதியல. அவரு இன்னைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருக்காரு. நானே போலாம்னா, அதுக்கும் இது வேணும்."

மங்களம் குழந்தையைப் பார்த்தாள். அது அவள் முழங்காலில் காய்ந்திருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. வயிற்றில் பசிகூட இல்லை.

"அடுத்த சனிக்கிழம கொண்டாரேன்."

"நான் கொண்டாந்து குடுக்குறேன் அண்ணி, நீங்க எதுக்கு?" என்றான் பின்னால் நின்ற சின்னையா.

"நானே வாரேன்."

பாப்பா கையை எடுத்தாள். மங்களம் பத்திரத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினாள். தோட்டத்துப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

இறக்கத்தில் பனிமூட்டம் ஏறி வந்தது. பிரேக்கைப் பிடித்த விரல்கள் குளிரில் மரத்து வேறு யாருடையவையோ போலிருந்தன. சைக்கிள் தானாகவே ஓடியது. "மிதிக்காதீங்க அண்ணி!" என்று முன்னால் போன சின்னையா திரும்பிப் பார்த்துக் கத்தினான். குனிந்து பார்த்தாள். அவள் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன.