அன்புள்ள செல்வி பிரான்சிஸ்

1

உண்மைக்கும் பொய்க்கும் நடுவே ஒரு கோடு கிழித்துவிட வேண்டும் என்று மனிதன் ஆசைப்பட்ட அன்றுதான் நாகரிகம் பிறந்தது. அவன் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தான். பொன்னை உரசிப் பார்த்தான். சாட்சியின் கண்ணை உற்றுப் பார்த்தான். யுகங்களாகத் தொடரும் அந்தத் தேடலின் அண்மைக் கட்டம், நேற்று வியாழக்கிழமை காலை, திண்டுக்கல் நாகல் நகரில், இஞ்ஞாசி சார் வீட்டு முன்னறையில், மின்விசிறி ஓடாத நேரத்தில் நடந்தது. ஒரு மெயில் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று நாலு பேர் கூடிப் பார்த்தோம்.

வாசகரே, முதல் வாக்கியம் இந்தக் கதைக்குப் பெரிய சட்டை என்று எனக்கும் தெரிகிறது. எழுதி முடித்ததும் எனக்கே மெய்சிலிர்த்துவிட்டதால் அடிக்க மனம் வரவில்லை.

கதை பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் எதிர்வீட்டு ஏஞ்சலின் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐரோப்பாவில் ஒரு நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. (நாட்டின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் அந்த நாடு ஒரு தப்பும் செய்யவில்லை.) மொழித் தேர்வில் இரண்டு முறை விழுந்து மூன்றாம் முறை எழுந்தவள். அந்நாட்டுச் செவிலியர் பதிவு அலுவலகம் அவளை ஏற்றுக்கொண்டால் விமானம். இல்லாவிட்டால் மறுபடியும் இங்கேயே நைட் டியூட்டி. அந்த நிலையில் அவளுக்கு ஒரு மெயில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை இப்படித் தமிழாக்கலாம்:

“அன்புள்ள செல்வி பிரான்சிஸ், உங்கள் கணக்கின் சரிபார்ப்பு முழுமையடையவில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கீழுள்ள பொத்தானை அழுத்திச் சரிபார்க்கவும். தவறினால் விண்ணப்பம் மூடப்படும்.”

நிஜமாக இருந்து அழுத்தாமல் விட்டால் விண்ணப்பம் போச்சு. போலியாக இருந்து அழுத்திவிட்டால் பாஸ்போர்ட் நகல், சான்றிதழ், பேங்க் விவரம் எல்லாம் எவனோ ஒருவன் கைக்குப் போச்சு. நான் கதைக்காக எதையும் ஏற்றவில்லை. நிலைமையே அவ்வளவு ஏறித்தான் இருந்தது.

2

தொடக்கங்கள் சில முயன்றேன். பார்வைக்கு வைக்கிறேன்.

“அவளுடைய பெரிய விழிகளில் ஏதோ ஒரு இனம்புரியாத—”

இனம் புரிந்ததுதான். இரவுப் பணி முடித்து வந்தவள். தூக்கம்.

“நிலக்கோட்டை மல்லிகையின் மணம் தவழும் அந்த அதிகாலைத் தெருவில்—”

மல்லிகை நிலக்கோட்டையில் மணக்கும். எங்கள் தெருவில் நேற்று சாக்கடை அள்ளிப் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது தொடக்கத்தை நான் எழுதவில்லை. ஏஞ்சலினின் அம்மா அன்னாள் எதிர்வீட்டிலிருந்து கத்தினாள். என் ஜன்னல் வழியாக அது உள்ளே வந்தது.

“எந்திரிடி! இம்புட்டு நேரம் அந்தப் போன மொறச்சுப் பாத்தா அது பதில் சொல்லிருமா? வா, இஞ்ஞாசி சாரக் கேப்போம்.”

இந்தத் தெருவில் யார் போன் வாங்கினாலும் அதில் மெயில் திறந்து கொடுப்பது ஏஞ்சலின்தான். அடுத்தவர் போன் என்றால் பேசிக்கொண்டே தட்டுவாள். தன்னுடையது என்றதும் அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றுவிட்டது.

நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எழுத்தாளனை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

3

இஞ்ஞாசி சாரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். பாத்திரமாக அவர் நம்பும்படி இருக்கிறாரா?

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் என்று எழுதினால் சரி. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தில் இணையப் பாதுகாப்பு நிபுணர் ஆகிவிட்டார் என்று எழுதினாலும் ஒப்புக்கொள்வீர்கள். வீட்டில் காபி குடிக்கும்போதும் சட்டைப்பையில் லேசர் விளக்கு வைத்திருப்பார், சர்க்கரை டப்பா எங்கே என்று மருமகளுக்கு அதன் சிவப்புப் புள்ளியால்தான் காட்டுவார் என்று எழுதினால், மிகை என்பீர்கள். அடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் புள்ளி நேற்று என் கண்ணிலேயே பட்டது.

(அடிக்குறிப்பு: பெயர்களை மட்டும் மாற்றி, இவ்வளவு வரை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தி, ஓரத்தில் ‘பாத்திரம் நன்று, சற்றுக் கண்ணியம் கூட்டலாம்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். யாரென்று அவருக்குப் புரியவில்லை.)

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு, சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்ததும், பங்கு மண்டபத்தில் அவருடைய சொற்பொழிவு நடந்தது. தலைப்பு: ‘மின்வலையில் வீழாதீர்’. சொன்னதில் பாதி உருப்படியானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “மெயில்ல இருக்குற கதவு வழியா உள்ள போகாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வாசல் வழியா போங்க” என்றார். “ஓடிபி கேட்டா, பெத்த தாயா இருந்தாலும் சொல்லாதீங்க” என்றார். மண்டபமே தலையாட்டியது.

பிறகு உதாரணம் காட்டினார். அந்த வாரம் அவருக்கே வந்த மெயில். திரையில் பெரிதாகப் போட்டு, சிவப்புப் புள்ளியை ஒவ்வொரு சொல்லின் கீழும் ஊர்ந்துபோக விட்டு, தமிழில் படித்தார். ‘செல்வி பிரான்சிஸின் நன்னடத்தைக்கு நீங்கள் சான்றளிக்க வேண்டும். கீழே அழுத்தவும்.’

“செல்வி பிரான்சிஸாம்! நம்ம பங்குல எத்தன பிரான்சிஸு இருக்காக? ஒருத்தருக்காச்சும் சேல கட்டத் தெரியுமா?”

மண்டபம் அதிர்ந்தது. வேடசந்தூர் மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் பிரான்சிஸ், அதாவது ஏஞ்சலினின் அப்பா, எழுந்து நின்று, “சார், நான் இல்ல சார்! நமக்கு வேட்டியே இடுப்புல நிக்காது!” என்றார். அன்னாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சார் எல்லோர் கண்ணெதிரிலும் அந்த மெயிலை அழித்தார். பங்குத்தந்தை பொன்னாடை போர்த்தினார். ஏஞ்சலினுக்கு அன்று டியூட்டி. அவள் வரவில்லை.

கூர்மையான வாசகருக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். நேற்றுக் காலை வரை எங்களில் ஒருவருக்கும் தட்டவில்லை.

4

சார் ஏஞ்சலினின் போனைக் கையில் வாங்கவில்லை. மேசை மேல் வைக்கச் சொல்லி, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, புள்ளியை அடித்தார்.

“மொதல்ல அனுப்புனவன் முகவரி. நீளமா இருக்கு. சந்தேகம். ரெண்டாவது, அவசரப்படுத்துறான். வெள்ளிக்கிழமைக்குள்ளயாம். திருடனுக்குத்தான் அவசரம் இருக்கும். மூணாவது...”

புள்ளி முதல் வரியில் வந்து நின்றது. சார் நிமிர்ந்தார். அந்த முகத்தை வர்ணிக்க நாலு உவமை எழுதி நாலையும் அடித்துவிட்டேன். சந்தோஷப்பட்டார், அவ்வளவுதான்.

“அதே பிரான்சிஸ்! அன்னாள், பாத்தியா? அதே கும்பல்! மண்டபத்துல காட்டுனேன்ல? எனக்குப் போட்ட தூண்டில ஒம் பொண்ணுக்கும் போட்டுருக்கான். அழிச்சிரு தாயி.”

“அழிச்சிருடி” என்றாள் அன்னாள். “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒம் பேரச் சொல்லாம ஒங்கப்பன் பேரச் சொல்லிக் கூப்புடுறான் பாரு, களவாணிப் பய.”

ஏஞ்சலின் அழிக்கவில்லை. போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சார், பாஸ்போர்ட்ல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும்ல. நமக்குத்தான் அது கெடையாதே. அதுல அப்பா பேரத்தான் போட்டுருக்கு.”

“சரி?”

“அவங்க அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. அங்க... நான்தான் சார் செல்வி பிரான்சிஸ்.”

மின்விசிறி அந்த நேரம் பார்த்துச் சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்ததற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. வந்தது, சொல்கிறேன்.

தகப்பன் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிப் பெயருக்கு முன்னால் நிறுத்திவிட்டு நிம்மதியாக வாழ்கிற கூட்டம் நாம். கடல் தாண்டியதும் அந்த எழுத்து விரிந்து, பின்னால் போய் நின்று, பிள்ளையையே விழுங்கிவிடுகிறது. இதைப் பற்றி ஒரு பக்கம் கட்டுரை எழுதலாம். எழுதினேன். அன்னாளின் அடுத்த வசனம் அதைவிட நன்றாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.

“அப்ப ஒங்கப்பன் அன்னைக்கு எந்திரிச்சு நின்னு சிரிச்சது ஒன்னையப் பாத்தாடி?”

5

ஏஞ்சலின் மெயிலில் இருந்த பொத்தானைத் தொடவில்லை. அலுவலகத்தின் முகவரியைத் தானே தட்டினாள். தெரிந்த வாசல், சார் சொன்ன அதே வாசல். உள்ளே போக ஓடிபி கேட்டது. போன் ‘டிங்’ என்றது.

“என்ன நம்பரு வந்துருக்கு? கண்ணாடி இல்லாம தெரியல, சொல்லு” என்று அன்னாள் எட்டிப் பார்த்தாள்.

ஏஞ்சலின் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “சொல்லக் கூடாது. சார் சொல்லிருக்காரு, நீதான வந்து சொன்ன.”

“பெத்தவ கிட்டயா?”

“பெத்த தாயா இருந்தாலும்னுதான சொன்னாராம்!”

சார் லேசாகச் செருமினார். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

பக்கம் திறந்தது. மெயில் நிஜம். விண்ணப்பத்தில் எல்லாம் பச்சை, கடைசிப் பகுதி மட்டும் சிவப்பு: ‘நன்னடத்தைச் சான்று.’ அதன் கீழே, சான்றளிப்பவர் என்று அவள் கொடுத்திருந்த முதல் பெயர், எம். இஞ்ஞாசி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மெயில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை.

(அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. பிறகு வருகிறேன்.)

ஏஞ்சலின் மெதுவாகக் கேட்டாள்:

“சார், உங்களுக்கு மெயிலு எதுவும் வந்துச்சா சார்?”

இங்கே பேனாவை நிறுத்திவிட்டு யோசித்தேன். நையாண்டி எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. பொன்னாடையைக் கழற்றலாம். லேசர் விளக்கை உடைக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆறாம் வகுப்பில் அவளுக்குப் பீஸ் கட்ட முடியாதபோது ஹெச்.எம். அறையில் கூப்பிட்டு, “கட்டியாச்சு, போ” என்று மட்டும் சொன்ன முகம் அது. அன்னாள் இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதிவிட முடியவில்லை.

“தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று சார் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அழித்த மெயில் குப்பைப் பெட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும். அதுவும் அவர் சொற்பொழிவில் சொன்னதுதான். உள்ளேயிருந்து தண்ணீர் சத்தம் வரவில்லை. விசைகள் தட்டும் சத்தம் வந்தது, வெகு நேரம். சான்று எழுதும் கட்டத்தில் பத்து வரிக்கு மேல் இடமில்லையாம். சார் பள்ளி தொடங்கப்பட்ட வரலாற்றிலிருந்து ஆரம்பித்ததால் பலமுறை வெட்ட வேண்டியிருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

வெளியே வந்தார். “இப்பத்தாம்மா வந்துருக்கு மெயிலு. அனுப்பிட்டேன். அங்க சர்வர் ஸ்லோ போல.”

அன்னாள் வாயைத் திறந்தாள். ஏஞ்சலின் அவள் தொடையில் கிள்ளினாள்.

“ஆமா சார். குளிர் நாடுல்ல. மெதுவாத்தான் வரும்.”

6

முடிவுகள்.

முடிவு அ: மதுரை விமான நிலையம். பிரான்சிஸ் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கையசைக்கிறார். ஒலிபெருக்கி ‘செல்வி பிரான்சிஸ்’ என்று அழைக்க, அப்பாவும் மகளும் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். வெள்ளிப் பறவை மேகங்களைக் கிழித்து—

நான் விமானத்தில் ஏறியதில்லை. விட்டுவிட்டேன்.

முடிவு ஆ: விண்ணப்பம் மூடப்படுகிறது. ஏஞ்சலின் வழக்கம்போல இரவுப் பணிக்குப் போகிறாள். மெல்லிய சோகம். இப்படி முடித்தால் பத்திரிகைக்காரர்கள் ‘முதிர்ச்சி’ என்பார்கள். அந்தச் சொல்லுக்காக ஒரு பெண்ணின் வேலையைப் பலி கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முடிவு இ உங்களிடம். இன்று வெள்ளிக்கிழமை. மதியம் சாய்ந்துவிட்டது. எதிர்வீட்டில் ஏஞ்சலின் தூங்காமல் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறாள். முதல் பெயர் பச்சையாகிவிட்டது. இரண்டாவது வரி இன்னும் சிவப்பு.

அந்த வரிக்கு வருகிறேன் என்று சொன்னேன். ஐந்து வருடமாவது அறிந்த அயலார் ஒருவரும் சான்றளிக்க வேண்டுமாம். “எழுத்தாளர்னு போடுடி, வெள்ளக்காரன் மதிப்பான்” என்று அன்னாள்தான் யோசனை சொன்னாளாம். நேற்று சார் வீட்டுப் படியிறங்கும்போது ஏஞ்சலின் கேட்டாள்: “மாமா, உங்களுக்கும் அனுப்பிருப்பாங்க. செத்த பாருங்களேன்.” “வீட்டுக்குப் போனதும் மொத வேல அதுதாம்மா” என்றேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

என் மெயிலின் பாஸ்வேர்ட் எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவள் ஏஞ்சலின். அப்போது என் போனில் சிம் இல்லாததால் அவள் நம்பரையே கொடுத்திருந்தாள். சற்று முன் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா’ என்பதை அழுத்திப் பார்த்தேன். எதிர்வீட்டில் ‘டிங்’ என்று கேட்டது.

“யம்மா! எவனோ ஒருத்தன் ஓடிபி வரவைக்கிறான்!”

“சொல்லாதடி! எவனா இருந்தாலும் சொல்லாத!”

தெரு அகலமில்லை. நாலு எட்டு வைத்தால் கடந்துவிடலாம். கடந்து போய்க் கதவைத் தட்டி என்ன சொல்வது என்று வாசகர் யாருக்காவது நல்ல வசனம் தோன்றினால் எழுதிக்கொள்ளலாம். நான் மறுபடியும் ஒருமுறை அழுத்தினேன்.

“யம்மா, திரும்பவும் கேக்குறான்! பிளாக் பண்ணிரவா?”

அந்த எவனோ நான்தான்.