கதவோடு போன அறிவிப்பு

“வாசிக்க முடியாது. அறிவிப்புல அது இல்ல” என்றார் கூட்டத் தலைவர் ஜஸ்டஸ் பார்லோ.

பின்வரிசையில் தச்சன் எல்நாதன் டப்ஸ் எழுந்து நின்றான். ஊரார் வாசிக்கச் சொன்னது, பிலடெல்பியாவில் தலைவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு நான்கு மாதம் எழுதிய அமெரிக்காவின் புது அரசியல் சட்டத்தை. ஏற்பதா தள்ளுவதா என்று பாஸ்டனில் முடிவு செய்ய, மாசசூசெட்ஸின் இந்த மலையூரும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். ஊரிலுள்ள ஒரே பிரதி பார்லோவின் கோட்டுப் பையில். போக நினைப்பவரும் பார்லோதான்.

“எதுக்குக் கை தூக்குறோம்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமாய்யா? இங்கிலாந்து ராஜாவை விரட்டினது இதுக்குத்தானா?”

“தச்சா, நீ இழைப்புளியைப் பாரு. சட்டத்தை எங்கிட்ட விடு.”

முன்வரிசை சிரித்தது.

ஊர்க்கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. பேசப்போகும் விஷயங்களை எழுதி, ஏழு நாள் முன்பே, கூட்டம் நடக்கும் இந்த ஆலயத்தின் கதவில் அடித்துவைக்க வேண்டும்; ஏழு நாளும் அது அங்கேயே இருக்க வேண்டும். எழுதாததைக் கூட்டம் தொடக்கூடாது. ஊர் அசந்த நேரத்தில் யாரும் எதையும் நிறைவேற்றிவிடாதபடி மக்களே போட்டுக்கொண்ட காவல் அது. அதையே பார்லோ மக்கள் வாய்க்குப் பூட்டாக்குகிறார்.

எல்நாதன் கதவைப் பார்த்தான். அதன் அடியில் குறுக்காக ஓடும் மரச்சட்டம் மட்டும் புதிது, அவன் கைவேலை.

“அறிவிப்பு ஏழு நாளும் கதவுல இருந்துச்சாய்யா?”

“இருந்துச்சே.”

“கதவு இருந்துச்சா?”

பார்லோ கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“அடிமரம் உளுத்துப்போச்சுன்னு போன செவ்வாய்க்கிழமை கதவைக் கழட்டுனேன். வியாழக்கிழமைதான் மாட்டுனேன். ரெண்டு நாளும் உங்க அறிவிப்பு என் பட்டறையில சுவரைப் பாத்து நின்னுச்சு. ஊர்ல யாரு படிச்சிருப்பா, என் ஆடா?”

இப்போது பின்வரிசை சிரித்தது.

“அப்பவே சொல்றதுக்கென்னடா?”

“நீங்க கேக்கல, நான் சொல்லல. நாங்க கேட்டும் நீங்க வாசிக்கலையே! சொல்லுங்க, இந்தக் கூட்டம் செல்லுமா?”

ஊர் எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருமுறைக்கு இருமுறை படித்தார். “செல்லாது.”

அங்கேயே புது அறிவிப்பு எழுதப்பட்டது. பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் ஒரு விஷயத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். முப்பது பேர் இட்டார்கள். முதல் வரி: ‘சட்டம் முழுவதையும் உரக்க வாசிப்பது.’

எல்நாதன் அதைக் கதவில் நான்கு மூலையிலும் ஆணியடித்து நிறுத்தினான். பிறகு ஐந்தாவது ஆணியைப் பார்லோவிடம் நீட்டினான்.

“பையில இருக்கிறதையும் எடுங்கய்யா. ஏழு நாளும் இங்கயே தொங்கட்டும்.”

பார்லோவின் கை அசையவில்லை. எல்நாதனும் நீட்டிய கையை மடக்கவில்லை. வெளியே போக எழுந்தவர்கள் பார்லோவின் கோட்டுப் பையையே பார்த்தபடி ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள்.